செவ்வாய்க்கிழமைக் கால் படம்

பயப்படுவதற்கு மரியம்மாளுக்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. தாமலிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ் லாரியை முந்தினால் பயம். முந்தாமல் பின்னாலேயே ஊர்ந்தால் பிரேக் போய்விட்டதோ என்று பயம். ஏரி நிரம்பினால் கரை உடைந்துவிடும் என்பாள். வற்றினால் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பாள். போன் அடித்தால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்ற முகத்தோடுதான் எடுப்பாள். "மத்தவங்களுக்கு உடம்புல ரத்தம் ஓடுது, உனக்குப் பயம் ஓடுது" என்று அவள் புருஷன் ராமராஜன் கிண்டல் செய்வான். அவன் கட்டட வேலைக்குப் போகிறவன். அவன் சாரத்தில் ஏறும் நாளெல்லாம் இவளுக்குக் கீழே தரையில் நின்றபடியே தலை கிறுகிறுக்கும்.

இப்படிப்பட்டவளைப் பிடித்துக் கர்ப்பிணிகளுக்குத் தைரியம் சொல்லும் வேலையில் ஒரு தொண்டு நிறுவனம் வைத்தது. ஒன்று, அவர்களுக்கு ஆள் பார்க்கத் தெரியவில்லை. அல்லது அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் அவளுடைய பயங்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் காசிநாதனின் மனைவி எல்லம்மாள், முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மரியம்மாள் அப்போது பாவாடை தாவணியில் இருந்தாள். அண்ணியின் கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோது வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காமல் காதா வீங்கும் என்றார்கள். நாற்று நட்டுவிட்டு வந்த அண்ணிக்கு மரியம்மாள்தான் கால் பிடித்துவிட்டாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்து, விழுந்தபடியே நின்றது. மறுநாள் காலையில் அண்ணி, கண் முன்னால் மின்மினி பறக்கிறது என்றாள். மத்தியானம் கை கால் வெட்டி இழுத்தது. காற்று கருப்பு என்று யாரோ வேப்பிலை தேடி ஓடினார்கள், யாரோ வண்டி தேடி ஓடினார்கள். வேப்பிலை முதலில் வந்தது. வண்டி வந்தபோது அண்ணியும் இல்லை, வயிற்றில் இருந்ததும் இல்லை.

அதிலிருந்து யாருக்கு வயிறு தெரிந்தாலும் மரியம்மாளின் கண் நேராக அவர்கள் காலுக்குத்தான் போகும்.

நிறுவனம் கொடுத்த வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிள்ளையார்பாளையத்தில் சில நெசவுத் தெருக்களின் கர்ப்பிணிகளை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்க வேண்டும். நிறுவனம் அனுப்பும் சின்னச் சின்ன வீடியோக்களை அதில் போட வேண்டும். முருங்கைக்கீரை சாப்பிடு, சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். வீடியோவில் ஒரு பெண் கசங்காத புடவையில் நின்று, கசங்காத தமிழில் பேசினாள். ஒருத்தியும் பார்க்கவில்லை. குழுவில் குட் மார்னிங் ரோஜாவும் வெள்ளிக்கிழமை அம்மன் படமும்தான் ஓடின.

வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம் என்றால், தறி வீடுகளில் பேச்சு வாசலோடு முடிந்துவிடும். என்ன ஆட்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம் இருந்தது. "எந்த ஊரும்மா?" என்பார்கள். தாமல் என்றால், "தாமல்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். அதற்குப் பதில் சொன்ன பிறகு தண்ணீர் வரும், நல்ல சொம்பில்தான் வரும், ஆனால் உள்ளே வா என்ற சொல் மட்டும் வராது.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை, பொறுக்க மாட்டாமல் தன் குரலையே பதிவு செய்து குழுவில் போட்டாள்.

"அம்மாடிங்களா, நான் மரியக்கா பேசறேன். வீடியோவ எல்லாம் விடுங்க. இப்ப இன்னா பண்றீங்கன்னா, கால நீட்டி உட்காருங்க. கணுக்காலுக்கு மேல கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்திட்டு எடுங்க. குழி விழுதான்னு பாருங்க. அப்படியே ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்கம்மா. எனக்குப் பயமா இருக்குது, அதான் கேக்கறேன்."

நிறுவனத்தில் இப்படிப் பேசச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது. பாவம், பயப்படுகிறாள் என்று ஒருத்தி படம் போட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மாமியார்கள் முணுமுணுத்தார்கள். "முகத்தக் காட்டுவாங்க, கேட்டிருக்கேன். கால ஊருக்குக் காட்டுவாங்களாமா?" என்று ஒரு வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ், "காலை மட்டும் வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது மரியம்மா. ஆனா வீங்கினவங்க பிரஷர் பார்க்க வந்துட்டாங்கன்னா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டார். அது போதுமே. செவ்வாய்க்கிழமை தோறும் கால் படம் என்பது வழக்கமாகிவிட்டது. மெட்டியும் நகப்பூச்சும் கொலுசுமாகப் படங்கள் வரும். மரியம்மாள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, "சூப்பர்மா, தங்கமான கால்" என்று குரல் அனுப்பி, ஒரு பூப் போடுவாள். வாசல் தாண்டாத அவளுடைய குரல் இப்போது அடுப்படி வரைக்கும் போனது. நிறுவனம் கொடுத்த பேர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அது கால் குரூப்.

நடுவில் ஒரு சம்பவம் நடந்தது. தெருக்கோடி வீட்டு மருமகள் ஒருத்தி, வீங்கிய காலைப் படம் எடுத்துப் போட்டுவிட்டாள்.  அதைப் பார்த்ததும் மரியம்மாள் யோசிக்காமல் குழுவிலேயே கத்தினாள். "ஐயோ, இன்னாமா இது கால்! ஓடு, இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடு! எங்க அண்ணி இப்படித்தான் செத்தா!" அத்தனை வீட்டிலும் அது ஒலித்தது. அந்தப் பெண் வெலவெலத்துப் போய்ச் சுவரில் சாய்ந்தாள். பிரஷர் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அவளுடைய மாமியார் போனில் கூப்பிட்டு, பேசக்கூடாத பேச்செல்லாம் பேசினாள். மருமகள் குழுவை விட்டு வெளியேறினாள்.

அதற்குப் பிறகு ஒரு வீங்கிய கால்கூட வரவில்லை. என் பிள்ளைகளுக்கெல்லாம் நல்ல கால் என்று மரியம்மாள் ஜெபத்தில் நன்றி சொன்னாள். அட அப்பாவியே என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால், அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கதி அவளுக்குத் தெரியாது. நெசவாளிகளுக்கு வேறொரு குழு உண்டு. சேலைக்குப் பட்டும் ஜரிகையும் கொடுக்கும் முதலாளியின் குழு அது. சாயங்காலம் ஆனால் தறியில் சேலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று படம் எடுத்து அதில் போட வேண்டும். வேலை ஓடாத நாள் எல்லோருக்கும் உண்டு; காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், இழை சிக்கும். அன்றைக்கு நேற்றைய படத்தையே கொஞ்சம் வெட்டி, இடது வலது மாற்றிப் போட்டுவிடுவார்கள். முதலாளிக்கும் அது அரைகுறையாகத் தெரியும். இரண்டு நாளில் சரிக்கட்டிவிடுவார்கள் என்று அவரும் கண்டுகொள்ள மாட்டார். அந்தத் தெருவில் அதற்குப் பொய் என்று பேர் கிடையாது.

சங்கீதா அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஊர் தென்னேரி. புருஷன் தினேஷ் கோர்வைச் சேலை நெய்கிறவன். கோர்வை என்றால் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். ஒருவரால் ஆகாது. தினேஷ் தறிக்குழியில் கால் விட்டு உட்கார, அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளித் தருவது சங்கீதா. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். அவளுக்கு இது முதல் பிள்ளை. வளைகாப்பு நடந்தது, குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள். வளைகாப்பு முடிந்தால் தாய் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கமாயிற்றே, அவளும் தென்னேரிக்குப் போய்விட்டாள் என்று மாமியார் தில்லையம்மாள் சொன்னாள். மரியம்மாளும் நம்பினாள், நர்ஸும் நம்பி, இனி அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார். ஊர் மாறினாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் சங்கீதாவின் கால் வந்தது. மருதாணி வைத்த, ஒல்லியான, அழகான கால்.

அன்றும் செவ்வாய்க்கிழமைதான். மரியம்மாள் பஸ்ஸில் உட்கார்ந்து வழக்கம் போலப் பூப் போட்டுக்கொண்டு வந்தாள். சங்கீதாவின் படத்துக்கும் போட்டாள். உடனே கீர்த்தியின் குரல் ஒன்று வந்தது. கீர்த்தி, சங்கீதாவின் அடுத்த வீட்டுப் பெண். பிள்ளை பெற்று மூன்று மாதமாகியும் குழுவை விடாமல் வம்படித்துக்கொண்டிருக்கிறவள்.

"இன்னாக்கா சங்கீதா, வளைகாப்புக்கு வெச்ச மருதாணி இன்னும் செவசெவன்னு இருக்குது! எனக்கெல்லாம் அலம்பி அலம்பி அப்பவே போயிடுச்சி. எந்தக் கடையில வாங்கின, சொல்லேன்!"

நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மரியம்மாளும் சிரித்தாள். அடுத்த நிமிடம் கீர்த்தியின் குரல் இருந்த இடத்தில், செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி மட்டும் நின்றது.

மரியம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சும்மா கிண்டல் செய்ததை எதற்கு அழிக்க வேண்டும்? விரலால் குழுவை மேலே தள்ளித் தள்ளிப் போனாள். போன செவ்வாய் சங்கீதாவின் கால். அதற்கு முந்தின செவ்வாய் சங்கீதாவின் கால். வலது கால் இடதாக மாறியிருந்தது, ஓரம் வெட்டியிருந்தது, ஒன்றில் கொஞ்சம் இருட்டாக்கியிருந்தது. ஆனால் பெருவிரல் மருதாணியில் ஒரு பக்கம் கலைந்த அதே வட்டம். எல்லாம் ஒரே படம். ஒவ்வொன்றின் கீழும் அவளே போட்ட பூ. சூப்பர்மா, தங்கமான கால்.

 சங்கீதாவுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். "எங்கம்மா இருக்கற? ஒரு வார்த்த பேசு" என்று தனியாகக் குரல் அனுப்பினாள். நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னாமா, உடம்பு சரியில்லயா?" என்று கேட்டாள். மரியம்மாள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திருப்புட்குழி தாண்டியபோது பதில் வந்தது. மூச்சுக்குள் பேசிய குரல்.

"அக்கா, போன் பண்ணாதீங்க, பக்கத்துலயே இருக்காங்க. கோச்சிக்காதீங்கக்கா, நான் தென்னேரிக்குப் போவல. சேலை முடியல. இன்னிக்கி தறியிலேந்து அறுத்துடுவாங்க, நாளைக்கி எங்கம்மா வந்து கூட்டிக்கினு போயிடும். காலு கொஞ்சம் வீக்கந்தான். தலைதான் நேத்துலேந்து இடிக்குது. கண்ணு முன்னால மினுக்கு மினுக்குன்னு வருது. ஜரிகையவே பார்த்துக்கினு இருந்தா அப்படித்தான் வரும்னு அத்த சொல்றாங்க. அவங்களுக்கும் வருமாம். பயப்படாதீங்கக்கா."

குரலுக்குப் பின்னால் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம் கேட்டது. நாடா போகிற சத்தம், பலகை வந்து இடிக்கிற சத்தம்.

மரியம்மாள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. பட்டு நெய்கிற தெருவில் யார் கண்ணில் எது மினுக்கினாலும் பழி ஜரிகை மேல்தான் விழும். வயசானவர்களுக்குக் கண்ணில் புரை விழுந்தாலும் ஜரிகை, பித்தத்தில் கிறுகிறுத்தாலும் ஜரிகை. சாயங்காலம் கண்ணில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். தில்லையம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அதை நினைத்தபோதுதான் மரியம்மாளுக்குப் பயம் இன்னும் கூடியது. கெட்ட எண்ணம் என்றால் சண்டை போடலாம்.

ஒலிமுகமதுபேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, தெருமுனையில் அதை நிற்கச் சொல்லிவிட்டு ஓடினாள். ஓடும்போதே பயம் இரண்டாகப் பிரிந்து அவளை ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. ஒன்றுமில்லாமல் போய்விட்டால்? போன தடவை மாதிரி பிரஷர் சரியாக இருந்துவிட்டால்? அவ்வளவுதான், தெருவே கூடி விரட்டும், மருமகள்களின் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், குழு செத்தது. ஆனால் ஒன்றுமில்லாமல் போகாவிட்டால்? அண்ணியின் காலில் பதிந்த தன் விரல் குழிகள் கண்ணுக்குள் வந்து நின்றன. கர்த்தரே, ஒன்றுமில்லாமலே போகட்டும், என்னை விரட்டட்டும் என்று வேண்டிக்கொண்டே வாசலில் போய் நின்றாள்.

தில்லையம்மாள் நிலைப்படியில் நின்றபடி மறித்தாள்.

"இன்னா மரியம்மா, இவ்ளோ வேகமா?"

"சங்கீதாவப் பார்க்கணும்மா."

"அவதான் தென்னேரியில…" என்று ஆரம்பித்தவள், உள்ளே தறி ஓடுகிற சத்தத்தையும் மரியம்மாளின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "சரி, மறைச்சி இன்னா ஆவப்போவுது. உள்ளதான் இருக்கா. ஒரு முழந்தான் பாக்கி. முகூர்த்தச் சேலை, இன்னிக்கி அறுத்துக் குடுத்தே ஆவணும். முடிச்சதும் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன். நான் மூணு பெத்தவம்மா. எனக்குத் தெரியாதா?"

மரியம்மாளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.  தெருக்கோடி வீட்டுப் பெண் சுவரில் சாய்ந்தது நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தில்லையம்மாளின் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போய்விட்டாள். யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்று சொல்லவும் அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

தறியடியில் சங்கீதா தலை நிமிர்ந்தாள். மரியம்மாளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கண் இரண்டும் இடுங்கிப்போக முகம் உப்பியிருந்தது. கையில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. நாடாவைத் தள்ளக் கை நீட்டினாள். கை அது இருந்த இடத்துக்குப் போகாமல் பக்கத்தில் போயிற்று. தினேஷ், "ஏய், இந்தப் பக்கம்" என்றான், கோபமில்லாமல். காலையிலிருந்து இப்படித்தான் தடவுகிறாள் போலிருக்கிறது.

மரியம்மாள் கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தாள். கட்டை விரலால் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. நின்றது.

பின்னாலேயே வந்த தில்லையம்மாள், "வீக்கம் எல்லாருக்குந்தான்மா வரும். மினுக்கறது ஜரிகையால…" என்றாள். அவள் குரலில் முன்பிருந்த திடம் இல்லை.

"இது ஜரிகை இல்லம்மா." மரியம்மாளின் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது. "எங்க அண்ணிக்கும் இப்படித்தான் கண்ணு மினுக்குச்சி. அன்னிக்கி மத்தியானமே போயிட்டா. எங்க வீட்ல ஏதும்மா ஜரிகை? நாங்க நாத்து நடறவங்க."

தறி நின்றது. தினேஷ் குழியிலிருந்து எழுந்த வேகத்தில் முட்டியை இடித்துக்கொண்டான். தில்லையம்மாள் மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போல் பார்த்தாள். "ஐயோ, நான் இன்னா பண்ணிட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

"சேலை?" என்றாள் சங்கீதா, மந்தமாக.

"சேலைய நான் பார்த்துக்கறேன், நீ போக்கா!" வாசலில் கீர்த்தி தோளில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. "எனக்குத் தெரியும் மரியக்கா. தெரிஞ்சிதான் கிண்டல் பண்ணேன், அப்பவாவது உங்களுக்குத் தெரியட்டும்னு. அப்பறம் பயந்துபோய் அழிச்சிட்டேன்." பிள்ளையைத் தில்லையம்மாளின் மடியில் வைத்துவிட்டு, சங்கீதாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

ஆட்டோவில் தினேஷ் ஒரு பக்கம், மரியம்மாள் ஒரு பக்கம், நடுவில் சங்கீதா. வெயில் கண்ணில் படுகிறது என்று அவள் முனகினாள். மரியம்மாள் தன் முந்தானையால் அவள் முகத்தை மூடினாள். டிரைவரிடம் வேகமாகப் போ என்றாள், உடனே மெதுவாகப் போ என்றாள். தெற்கு ராஜ வீதியில் ஏதோ சாமி ஊர்வலத்துக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். டிரைவர் இறங்கிப் போய்க் கயிற்றை அவரே அவிழ்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி திரும்பும்போது சங்கீதாவின் கை மரியம்மாளின் கைக்குள் விறைத்தது. பிறகு வெட்டி இழுக்கத் தொடங்கியது. தினேஷ் குழந்தை மாதிரி அலறினான். மரியம்மாள் அலறவில்லை. அவள் பயம் அலறலுக்கும் மேலே போய்விட்டது. "ஒருக்களிச்சிப் படுக்க வை, ஒருக்களிச்சிப் படுக்க வை" என்று அவள் வாய் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்து தள்ளுவண்டியோடு ஓடிவந்தார்கள்.

அப்புறம் கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தை மரியம்மாள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. தில்லையம்மாள் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்து, அவள் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள், ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு நர்ஸ் வந்து, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துவிட்டதாகச் சொன்னார். பெண். எடை ரொம்பக் குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். தாய்க்கு இன்னும் நினைவு வரவில்லை, ஊசி போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இப்போது செய்ய முடியுமா என்று கேட்க மரியம்மாளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் சங்கீதா கண் விழித்தாள். ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க விட்டார்கள். பிள்ளை மூச்சு விடுகிறது, நிறம் வந்துவிட்டது என்று தினேஷ் சொல்லியிருந்தான். மரியம்மாள் கட்டிலருகே நின்றாள்.  சங்கீதாதான் முதலில் பேசினாள். உதடு வெடித்திருந்தது.

"அக்கா, என்னை குரூப்லேந்து எடுத்துட்டீங்களா?"

"இன்னாமா பேசற?"

"பொய்ப் படம் போட்டேனே."

"தறி நின்னுடும்னுதானே போட்ட? விடு, அதெல்லாம் முடிஞ்சிது."

சங்கீதா தலையணையில் தலையை இடமும் வலமும் அசைத்தாள். "தறிக்காக மட்டும் இல்லக்கா. மொதல்ல வீங்கனப்ப நெஜப் படந்தான் எடுத்தேன். போடறதுக்குப் பயமா இருந்துச்சி. அந்தத் தெருக்கோடி அக்காவ நீங்க கத்துனீங்களே, அந்த மாதிரி என்னையும் எல்லார் எதிர்லயும் கத்துவீங்கன்னு. எல்லாருக்கும் பூப் போட்டுட்டு எனக்கு மட்டும் போட மாட்டீங்கன்னு. பழசப் போட்டேன். தங்கமான காலுன்னு சொன்னீங்க. ஒவ்வொரு வாட்டியும் சொன்னீங்களா, அப்பறம் நெஜத்தப் போட வெக்கமா போயிடுச்சி."

 இத்தனை நாளாக மரியம்மாள் பஸ், லாரி, ஏரி, சாரம் என்று எதையெதையோ கண்டு பயந்திருக்கிறாள். பயப்பட வேண்டியது தன் வாய்க்கும், தான் போட்ட பூவுக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நல்ல காலுக்குப் பூ என்றால் வீங்கிய கால் எங்கே போய் நிற்கும்? அண்ணியைச் சாகவிட்டவர்கள் சிரித்துச் சாகவிட்டார்கள். தான் கொஞ்சிக் கொஞ்சியே இந்தப் பெண்ணைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டோமே என்று நினைத்தபோது, அழுகைகூட வரவில்லை.

வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, போனை எடுத்தாள். பதிவு செய்ய அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். குரல் நடுங்காமல் பேச வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"நான் மரியக்கா பேசறேன். சங்கீதா கண்ணு முழிச்சிட்டா, பொண்ணு பொறந்திருக்குது. அவளுக்காக எல்லாரும் வேண்டிக்குங்க. தப்பு அவ பேர்ல இல்லம்மா, என் பேர்லதான். இனிமே நான் பூப் போட மாட்டேன், யாரையும் கத்தவும் மாட்டேன். இன்னிக்கி செவ்வாய்க்கிழமை இல்ல. பரவால்ல. இப்ப உங்க காலு எப்படி இருக்குதோ அப்படியே எடுத்து எனக்கு மட்டும் தனியா அனுப்புங்க. யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன். எந்தக் காலா இருந்தாலும் சரி."

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் அனுப்ப மாட்டார்கள், இனி யார் என்னை நம்புவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எடுக்கும் முன் மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

முதல் படம் பிரியதர்ஷினியுடையது. பட்டப்படிப்பு படித்தவள், ஏழாம் மாதம், ஒரு செவ்வாய்கூடத் தவறாதவள். வாரா வாரம் நகப்பூச்சு மாற்றிப் போடுகிறவள் என்று குழுவில் அவளுக்குப் பேர். படத்தில் இருந்த காலில் நகப்பூச்சு இல்லை. கணுக்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கட்டை விரல் குழி, ஆழமாக, அப்படியே நின்றது. அடுத்தடுத்து வேறு இருவர் அனுப்பிய படங்களும் அதே மாதிரிதான் இருந்தன.

மரியம்மாளுக்கு உடம்பு முழுக்க வேர்த்தது. ஆனால் விரல் சரியாகப் போய்ப் பிரியதர்ஷினியின் எண்ணை அழுத்தியது. அந்தப் பக்கம் உடனே எடுத்தார்கள். 

"அக்கா," என்றாள் பிரியதர்ஷினி, "இதுவரைக்கும் நான் அனுப்பினது எதுவும் என் காலே இல்லக்கா. எங்க நாத்தனார் காலு."